துதிக்கையா, பயற்றம்பூவா? கெரிஸ் கத்தியின் அலங்காரமும் நம் பார்வையும்

வெளிமாநிலத் தமிழ்ச் சங்க மலர் எதை எடுத்துப் புரட்டினாலும் கடாரம் பற்றி ஒரு கட்டுரை கண்ணில் படும். 1025ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் இராசேந்திர சோழனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தின் மீது சென்ற செய்தி, போரோபுதூர், பிரம்பானன் கோயில்களின் படங்கள், கடைசியில் 'நம் பண்பாடு கடல் கடந்தது' என்ற பெருமிதம். இந்தப் பெருமிதத்தை நான் குறை சொல்லவில்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து, வேறு மொழி பேசும் தெருவில் பிள்ளை வளர்க்கும் நமக்கு, முன்னோரும் ஊர் விட்டுப் போனவர்கள்தாம் என்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. ஆனால் அந்த ஆறுதலே சில வேளை ஒரு பொருளைச் சரியாகப் பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது. அதை ஒரே ஒரு பொருளை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். ஜாவாவிலும் பாலியிலும் மலாய் நாட்டிலும் வழங்கும் கெரிஸ் என்னும் குத்துக்கத்திதான் அது.

தென்கிழக்காசியப் பழைய ஆயுதங்களைச் சேகரிப்பவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. தமக்குப் பிடித்த கத்தியில் தமக்குப் பிடித்த சின்ன இடம் ஒன்றை மட்டும் நெருங்கிப் படம் பிடித்து மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வார்கள். பிடியில் ஒரு முகம், அலகில் ஒரு நாகத்தலை, உறையில் ஒரு கொடி. படங்கள் அழகாகவே இருக்கும். அவற்றை நம்மவர் ஒருவரிடம் காட்டினால் உடனே வரும் பதில் இதுதான்: "இதெல்லாம் நம்மகிட்டேயிருந்து போனதுதானே சார்?"

ஆக, இரண்டு விதமான பார்வை. சேகரிப்பவர் அலங்காரத்தைக் கத்தியிலிருந்து வெட்டி எடுத்து ரசிக்கிறார். நம்மவர் அதே அலங்காரத்தை அதன் ஊரிலிருந்து வெட்டி எடுத்துச் சொந்தம் கொண்டாடுகிறார். இரண்டிலும் விடுபட்டுப்போவது ஒன்றே: அந்தக் கத்தியை அடித்தவரும் இடையில் செருகியவரும் அந்த இடத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள், அது கத்தியில் எங்கே இருக்கிறது என்னும் செய்தி. பெயரையும் இடத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அலங்காரம் பேசும் என்பது என் கட்சி.

சுரிகையும் அதன் உறுப்புகளும்

முதலில் கத்தியைப் பார்த்துவிடுவோம். கெரிஸ் இருபுறமும் கூர் உள்ள குத்துக்கத்தி. அலகு அடியில் அகன்று, நுனியில் ஒடுங்கும். அகன்ற அடிப்பகுதி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இராது. ஒரு பக்கம் நீண்டு கூராக நீட்டிக்கொண்டிருக்கும். சில கெரிஸ் நேராக இருக்கும், சில பாம்புபோல் நெளிந்து இருக்கும். நெளிவுக்கு ஜாவா மொழியில் 'லுக்' என்று பெயர். நெளிவுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படைதான்: மூன்று, ஐந்து, ஏழு என்று போகும். பதின்மூன்றுக்கு மேல் போனால் அது வழக்கத்துக்கு மீறிய வகையாகத் தனியே வைத்து எண்ணப்படும்.

அலகின் அடியில் குறுக்கே தனியாக ஒரு துண்டு இரும்பு பொருத்தப்பட்டிருக்கும். அதன் பெயர் 'கான்ஜா'. உறைக்கு 'வாராங்கா'. உறையின் மேல்பகுதி மரத்தில் படகுபோல் வளைந்தோ, கொஞ்சம் உருண்டையாகவோ இருக்கும். படகு வடிவம் சபைக்கும் சடங்குக்கும். உருண்டை வடிவம் அன்றாடத்துக்கு. உறையின் தண்டுக்குப் பித்தளையிலோ வெள்ளியிலோ ஓர் உலோகக் கூடு உண்டு, அது 'பெண்டோக்'. அதன் மேல் பூசும் அரக்கின் நிறம் அணிந்தவரின் தகுதியைச் சொல்லும் வழக்கமும் ஜாவா அரண்மனைகளில் இருந்தது. அலகின் மொத்த உருவ அமைப்பு 'தாப்பூர்'. இரும்புக்குள் தெரியும் வெண்கோலம் 'பாமோர்'. கத்தி அடிக்கும் கொல்லர் 'எம்பு'.

ஜாவாவின் பழைய இலக்கிய மொழியில் கெரிஸுக்கு 'சுரிகா' என்றும் ஒரு சொல் உண்டு. வடமொழியின் சுரிகா, நம் நிகண்டுகளில் வரும் சுரிகை, எல்லாம் ஒரே சொல்தான். ஜாவாவின் முழு மனிதனுக்கு வீடு, மனைவி, குதிரை, கூண்டுப் பறவை, சுரிகை ஆகிய ஐந்தும் வேண்டும் என்பது அவர்கள் மரபு. சொல் நம் பக்கத்திலிருந்து போனது, சந்தேகமில்லை. ஆனால் கூண்டுப் பறவைக்குப் பக்கத்தில் கத்தியை வைத்து எண்ணும் அந்தப் பட்டியல் அவர்களுடையது.

துதிக்கையும் பல்லித்தலையும்

அலகின் அடியில், ஒரு பக்க ஓரத்தில், சின்னதாகச் சுருண்ட ஓர் இரும்புக் கொழுந்து இருக்கும். சேகரிப்பவர்கள் மிக விரும்பிப் படம் பிடிக்கும் இடம் இது. பார்த்தவுடன் நமக்கு யானைத் துதிக்கைதான் தோன்றும். மலாய்க்காரர்களும் அப்படியே 'பெலாலை காஜா', அதாவது யானைத் துதிக்கை என்பார்கள். காஜா நம் கஜம்தான். ஆனால் ஜாவாவில் அதற்குப் பெருவழக்கான பெயர் 'கெம்பாங் காச்சாங்', பயற்றம்பூ. நம் வீட்டுக் கொல்லையில் அவரையோ காராமணியோ பூக்கும்போது பார்த்தவர்களுக்கு அந்தச் சுருள் நன்றாகத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூவுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனைகளுக்கு அதே ஜாவாக்காரர்கள் 'லாம்பே காஜா', யானை உதடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உதடு யானையுடையது, துதிக்கை பயற்றம்பூ!

இதில் எது சரி என்று கேட்பது வீண்வேலை. யானை அந்த இரும்புக்குள் எப்போதோ வந்து நின்றது. பிறகு வந்த கைகளும் கண்களும் அதில் ஒரு பாதியைக் கொல்லைப் பூவாகப் பார்க்கத் தொடங்கின. 'இது நம் யானை' என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர் முதல் பாதியோடு எழுந்து போய்விடுகிறார்.

கான்ஜா என்னும் குறுக்குத் துண்டைப் பிடியின் பக்கமிருந்து பாருங்கள். ஒரு முனை தலைபோல, அடுத்துக் கழுத்து, நடுவில் வயிறு, மறுமுனையில் வால். தலைக்குப் பெயர் 'சிரா செச்சாக்', பல்லித்தலை. பல்லி எந்தப் புராணத்திலிருந்தும் இறக்குமதி ஆகவில்லை, சுவரிலிருந்து வந்தது. அலகின் அடியில் குழிந்த இடத்துக்குக் குளம் என்றும், கட்டைவிரலால் அழுத்திய தடம் என்றும் பெயர்கள் உண்டு. பக்கத்தில் மடிந்த கோட்டுக்குப் பெயர் மடிந்த புருவம். இப்படி ஒரு சாண் இரும்புக்குள் பத்துப் பதினைந்து பெயர்கள்.

எதிர்ப்பக்க ஓரத்தில் முள்முள்ளாக வெட்டிய ஓர் இடம் இருக்கும், 'கிரெனெங்' என்பார்கள். அந்த முள்ளின் வடிவத்துக்கு 'ரோன் தா' என்று பெயர். ஜாவா எழுத்தில் 'தா' என்னும் எழுத்தைப் போல வெட்டியிருப்பதால் அந்தப் பெயர். ஜாவா எழுத்து கவி எழுத்திலிருந்தும், கவி எழுத்து பல்லவ எழுத்திலிருந்தும் வந்தவை. காஞ்சிபுரத்துப் பக்கத்து எழுத்தின் தூரத்து உறவு ஒன்று ஜாவாக் கத்தியின் ஓரத்தில் முள்ளாக நிற்கிறது. இதைவிடப் பெருமைப்பட என்ன வேண்டும்? ஆனால் ஒன்று கவனியுங்கள்: எழுத்தைக் கத்தியின் முள்ளாக்கிப் பார்க்க ஓர் ஊரே அந்த எழுத்தில் பல நூறு ஆண்டு எழுதிப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவர்கள் சம்பாதித்தது.

உலைக்களத்தில் பிள்ளையார்

மத்திய ஜாவாவில் லாவு மலைச் சரிவில் சுக்குக் கோயில் இருக்கிறது, 15ஆம் நூற்றாண்டினது. அங்கே ஒரு புடைப்புச் சிற்பத்தில் கொல்லன் பட்டறை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் பீமன் கத்தி அடிக்கிறான். பின்சுவரில் செய்து முடித்த ஆயுதங்கள். வலப்பக்கம் அர்ச்சுனன் உருளைத் துருத்தி இழுக்கிறான். நடுவில் ஆனைமுகன் ஒரு காலைத் தூக்கி நடனமாடுகிறான்.

பீமன், அர்ச்சுனன், பிள்ளையார் மூவரும் நமக்குத் தெரிந்தவர்கள். ஆனால் இவர்கள் மூவரையும் ஒரு கொல்லுலையில் சேர்த்து வைக்கும் காட்சியை நம் பாரதக் கதையில் தேடினால் கிடைக்காது. அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி ஓ'கானர் 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில், இரும்பு உலையில் உருகி வேறொன்றாவதை உயிர் பக்குவப்பட்டு விடுதலை அடைவதோடு சேர்த்து இந்தச் சிற்பத்தை விளக்குகிறார். கொல்லன் வேலை அங்கே ஒரு சாதனையாக, தவமாகப் பார்க்கப்பட்டது என்பது அந்த விளக்கத்தின் சாரம். இதை ஒப்புக்கொண்டால் கத்தியின் அலங்காரமும் வெறும் ஒப்பனையாக நமக்குத் தோன்றாது. நெளிவும் சுருளும் குழியும் உலையில் நடந்த காரியத்தின் தடங்களாகத் தெரியும்.

நாகம் அலகாகிறது

அடுத்தது நாகம். நம் சிற்பத்தில் நாகம் ஒரு தெய்வத்தின் மேல் குடையாக நிற்கும், கீழே படுக்கையாகும், கழுத்தில் மாலையாகும். கெரிஸில் அது கத்தியே ஆகிவிடுகிறது. நேரான அலகு தவத்தில் இருக்கும் பாம்பு. நெளிந்த அலகு ஊரும் பாம்பு என்பது ஜாவாவில் வழங்கும் விளக்கம். 'நாகசாஸ்ரா' என்னும் தாப்பூரில் அடியில் மகுடம் தரித்த நாகத்தலை, அதன் உடல் அலகின் நெளிவோடு நெளிந்து நுனி நோக்கிப் போகும். 'நாக சிலுமான்' என்னும் தாப்பூரில் தலை மட்டும் தெரியும். உடல் இரும்புக்குள் மறைந்துவிடும். சிலுமான் என்றால் கண்ணுக்குத் தெரியாமல் உலவும் மாயப்பிறவி. செதுக்காமல் விட்டதே அங்கே அலங்காரம்.

இப்போது நாகத்தலையை மட்டும் நெருங்கி எடுத்த படத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு கத்தியிலும் தலை ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். உடல் நீள்கிறதா மறைகிறதா என்பதுதான் விஷயமே, அது படத்துக்கு வெளியே போய்விடுகிறது. இந்த வேறுபாடு பிற்பாடு ஒரு பெரிய வழக்குக்கே காரணமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சில அலகுகளில் தங்கத் தகடு பதித்திருப்பார்கள். கான்ஜாவின் மேல் யானையும் சிங்கமும் தங்கத்தில் பதித்த வகை ஒன்று உண்டு. மாதாராம் அரசர் சுல்தான் ஆகோங், 1627இல் பாதி என்னும் ஊரின் கலகத்தை அடக்கிய வீரர்களுக்கு இதைச் சிறப்பாக அளித்தார் என்பது ஜாவா மரபு. அப்படியானால் அந்தத் தங்கம் அழகுக்காக ஒட்டியது மட்டுமில்லை, அரசர் கொடுத்த விருது. விருதைப் பார்த்து 'நல்ல வேலைப்பாடு' என்று மட்டும் சொல்வது, ஒருவர் பெற்ற பதக்கத்தைப் பார்த்து 'நல்ல பித்தளை' என்று சொல்வது போலத்தான்.

பிடியில் ஒளிந்த முகம்

15ஆம் நூற்றாண்டில் செங் ஹோவின் கப்பல்களோடு ஜாவா வந்த சீனர் மா ஹுவான், அங்கே சிறு பிள்ளை முதல் கிழவர் வரை ஆண்கள் எல்லாரும் இடுப்பில் கத்தி செருகியிருந்ததையும், பிடிகள் தங்கத்திலும் காண்டாமிருகக் கொம்பிலும் தந்தத்திலும் மனித முகமாகவும் பூத முகமாகவும் நுட்பமாகச் செதுக்கப்பட்டிருந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். அந்த முகங்களை இன்றும் பார்க்க வேண்டுமானால் பாலிக்குப் போக வேண்டும். அங்கே தங்கத் தகடு போர்த்து, கற்கள் பதித்து, ராட்சசனும் தேவரும் பிடியில் குந்தியிருப்பார்கள். ரத்தினத்துக்கு மலாய் மொழியில் வழங்கும் 'மணிக்கம்' என்னும் சொல் நம் மாணிக்கம்தான்.

ஜாவாவிலோ இஸ்லாம் பரவிய பிறகு பிடியின் உருவம் மெல்லக் கரைந்தது. சோலோ, யோக்யகர்த்தா பிடிகளில் உருவம் இல்லை. தட்டையான பக்கங்களும் மெல்லிய வளைவும் கொண்ட வழுவழுப்பான மரம். அதில் இரண்டே இரண்டு சின்ன இடங்களில் மட்டும் நெருக்கமான செதுக்கல். அந்தச் செதுக்கலுக்குப் பெயர் 'பத்ரா'. இலை என்று பொருள். பழைய உருவத்தின் முகம்தான் அந்த இரண்டு இலைத் திட்டுகளாக எஞ்சியது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இந்தப் பிடிவகையின் பெயர் 'நுங்காக் செமி': வெட்டிய அடிமரத்தில் விட்ட துளிர். உருவம் போன இடத்தில் துளிர் விட்டது என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். விமரிசகருக்கு வேலை மிச்சம்.

சுமத்ராவிலும் மலாய் நாட்டிலும் வேறொரு பிடி: கைகளை மார்போடு கட்டி, குளிரில் ஒடுங்கினாற்போல் கூனிக் குந்தியிருக்கும் உருவம், தலை பறவை போல. அதற்கு மலாய்க்காரர் வைத்த பெயர் 'ஜாவா தெமாம்', காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன்! கருடனோ முன்னோரோ என்று அறிஞர்கள் தேடுகிறார்கள். பக்கத்து ஊர்க்காரன் கேலி செய்துவிட்டுப் போய்விட்டான். அந்தக் கேலியும் அந்தப் பிடியின் வரலாறுதான்.

பட்டாணி, கிளந்தான் பக்கத்துப் 'தாஜோங்' பிடி இன்னும் நல்ல உதாரணம். நீண்ட மூக்குடைய பெரிய பிடி. பக்கவாட்டில் படம் எடுத்தால் அச்சாக மீன்கொத்தியின் அலகு. மீன்கொத்திக் கெரிஸ் என்றே சேகரிப்பாளர் நூல்களில் பெயர் நிலைத்துவிட்டது. முன்பக்கம் திருப்பிப் பார்த்தால் மூக்குக்குக் கீழே வாயும் பல்லும் இருக்கிறது. மீன்கொத்திக்கு ஏது பல்? நிழற்கூத்துப் பொம்மைகளின் அரக்க முகத்துக்கு நெருக்கமான முகம் அது. ஒரே ஒரு பக்கத்துப் படம் ஓர் அரக்கனைப் பறவையாக்கிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மதுராத் தீவின் பிடிகளில் பூங்கொடிகளுக்கு நடுவே ஐரோப்பிய மகுடமும் சிறகு முளைத்த குதிரையும் வரும். அதைப் பார்த்து ஹாலந்துக்காரர் யாரும் 'எங்கள் பண்பாடு மதுரா வரை சென்றது' என்று விழா எடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்தால் நாம் சிரிப்போம் இல்லையா?

சிந்திய அரிசி

கெரிஸின் உச்சமான அலங்காரம் மேலே செதுக்கியதில் இல்லை, உள்ளே இருக்கிறது. சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் சேர்த்து மடித்து அடித்து, மறுபடி மடித்து அடித்து எம்பு அலகை உருவாக்குகிறார். பிறகு எலுமிச்சைச் சாற்றில் சுத்தம் செய்து பாஷாணக் கரைசலைப் பூசினால் இரும்பு கறுக்கும், நிக்கல் வெள்ளையாக நிற்கும். அந்தக் கறுப்பு வெள்ளைக் கோலம்தான் பாமோர். 18ஆம் நூற்றாண்டில் பிரம்பானன் அருகே கிடந்த விண்கல் இரும்பைச் சோலோ அரண்மனைக்குக் கொண்டுபோய் அதிலும் பாமோர் செய்தார்கள்.

கோலங்களின் பெயரைக் கேளுங்கள்: சிந்திய அரிசி, பொன்மழை, தென்னங்கீற்று, தர்ப்பூசணித் தோல். புராணப் பெயர்களைத் தேடிப் போகிறவருக்கு அடுப்படியும் தோப்பும்தான் கிடைக்கும். 'வோஸ் வுத்தா' என்னும் சிந்திய அரிசிக் கோலம் இருக்கும் வீட்டில் சோற்றுக்குக் குறை வராது என்பது நம்பிக்கை. பாமோரை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். எம்பு திட்டமிட்டு வரவழைத்தது ஒன்று. அவர் அடித்துக்கொண்டே போக, தானாக அமைந்து, இறைவன் அருளால் விழுந்தது என்று கொள்ளப்படுவது இன்னொன்று. சிந்திய அரிசி இரண்டாவது வகையில் சேரும்.

சேகரிப்பவர் ஒருவர் துரு போகட்டும் என்று உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தால் பாமோர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஜாவாவில் ஆண்டுதோறும் சூரோ மாதத்தில் குலச்சொத்தான கெரிஸ்களைச் சடங்கோடு கழுவிப் புதுப்பிக்கிறார்கள். அலங்காரம் அங்கே ஒரு தடவை செய்து முடித்த பொருளாக இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை கவனித்துக் காப்பாற்ற வேண்டிய ஒன்றாக இருக்கிறது. இந்தோனேசியக் கெரிஸை யுனெஸ்கோ 2005இல் அருவப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தபோது, கத்தியோடு இந்த அறிவையும் வழக்கத்தையும் சேர்த்துத்தான் அறிவித்தது.

இரண்டு அகராதிகள்

இந்தப் பொருள் பற்றி வந்த நூல்களில் இரண்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 1934இல் வெளிவந்த ஜார்ஜ் கேமரன் ஸ்டோனின் ஆயுதக் கலைச்சொல் தொகுதி, உலகத்து எல்லா ஆயுதங்களையும் அகரவரிசையில் அடுக்கிய பெரும்பணி. சேகரிப்பாளர்களுக்கு இன்றும் கைவிளக்கு. ஆயுதத்தின் அமைப்பு, அலங்காரம், பயன் மூன்றையும் சொல்வதாக அதன் தலைப்பே அறிவிக்கிறது. ஆனால் உலகம் முழுவதையும் ஒரே வரிசையில் நிறுத்தும் நூலில் கெரிஸ் பல நூறு ஆயுதங்களில் ஒன்றாகத்தான் நிற்க முடியும்.

பாம்பாங் ஹார்ஸ்ரினுக்ஸ்மோவின் கெரிஸ் கலைக்களஞ்சியம் 2004இல் இந்தோனேசிய மொழியில் வந்தது. அதுவும் அகரவரிசைதான். ஆனால் அங்கே தலைச்சொற்கள் கத்திக்கு உள்ளேயிருந்து வருகின்றன: நெளிவின் பெயர், கோலத்தின் பெயர், எம்புகளின் பெயர், உறை மரத்தின் பெயர். முதல் நூல் பொருளைத் தேடி எடுக்க உதவுகிறது. இரண்டாவது, கையில் எடுத்த பொருளைப் படிக்க உதவுகிறது. படம் மட்டும் பகிர்ந்துகொள்வோரும் சொந்தம் மட்டும் கொண்டாடுவோரும் இந்த இரண்டாவது நூலைப் போன்ற ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

திபநகாராவின் கத்தி

'இதெல்லாம் ரசிகர்கள் விவகாரம், இதில் என்ன ஆகப்போகிறது' என்று கேட்பவர்களுக்காக அந்த வழக்கைச் சொல்கிறேன். 1825 முதல் 1830 வரை டச்சுக்காரரை எதிர்த்து ஜாவாப் போரை நடத்தியவர் இளவரசர் திபநகாரா. பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் 1830 மார்ச்சில் அவரைப் பிடித்து நாடுகடத்தினார்கள். அவருடைய கெரிஸ் ஒன்று 1831இல் டச்சு அரசர் முதலாம் வில்லெமுக்கு அனுப்பப்பட்டது. அரசரின் அபூர்வப் பொருள் கூடத்திலிருந்து பிறகு லைடன் அருங்காட்சியகத்துக்குப் போனது. போன இடத்தில் பல கெரிஸ்களுக்கு நடுவே எது அவருடையது என்ற அடையாளம் தொலைந்தது.

பின்னாளில் ஆய்வாளர்கள் பழைய கடிதங்களையும், ஜாவா ஓவியர் ராதென் சாலே எழுதிய குறிப்பையும் கத்தியின் அமைப்போடு ஒப்பிட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 'க்யாய் நாக சிலுமான்' என்று பெயர் கொண்ட அந்தக் கெரிஸை நெதர்லாந்து 2020 மார்ச்சில் இந்தோனேசியாவிடம் திருப்பிக் கொடுத்தது. உடனே இந்தோனேசியாவில் கெரிஸ் அறிந்தவர்கள் சிலர் கேட்டார்கள்: நாக சிலுமான் என்றால் உடல் மறைய வேண்டுமே, இதில் நாகத்தின் உடல் அலகு நெடுகத் தெரிகிறதே, இது நாகசாஸ்ரா அல்லவா? ஏற்பவர்கள் தரப்பு பதில்: நாக சிலுமான் என்பது இந்தக் கத்திக்கு வைத்த சொந்தப் பெயர், தாப்பூரின் பெயராக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கடிதங்களும் குறிப்பும் சேர்ந்து நிற்பதால் எனக்கு இரண்டாவது தரப்பே வலுவாகப் படுகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஒரு நாட்டின் விடுதலை வீரரின் கத்தி இதுவா இல்லையா என்னும் கேள்வி, நாகத்தின் உடல் எங்கே முடிகிறது என்ற ஒரு நுணுக்கத்தில் வந்து நின்றது. அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது பெயர் தெரிந்தவர்களால்தான்.

சேகரிப்புகளில் உள்ள எல்லாக் கெரிஸும் விலைக்கு வாங்கியவை என்று எண்ண வேண்டாம். 1894இல் லொம்போக் அரண்மனை சூறையாடப்பட்டது. 1906இல் பாடுங்கிலும் 1908இல் க்ளுங்குங்கிலும் பாலி அரச குடும்பத்தார் வெள்ளை உடுத்தி, கெரிஸ் ஏந்தி, டச்சுத் துப்பாக்கிக்கு எதிரே நடந்து மடிந்தார்கள். 2023இல் நெதர்லாந்து 478 பொருள்களை இந்தோனேசியாவுக்குத் திருப்பியபோது, லொம்போக் செல்வத்தோடு க்ளுங்குங் கெரிஸ் ஒன்றும் சிங்கசாரிச் சிலைகள் நான்கும் திரும்பின. பிடியின் தங்க முகத்தை மட்டும் நெருங்கிக் காட்டும் படத்தில் இந்தக் கதைக்கு இடமில்லை.

நம் பக்கம்

கடைசியாக நம்மிடம் வருகிறேன். கல்கத்தாவில் 1926இல் 'பெரும் இந்தியா' சங்கம் தொடங்கினார்கள். 1927இல் தாகூர் ஜாவா, பாலி போய்வந்தார். 1949இல் நீலகண்ட சாஸ்திரியார் தூரகிழக்கில் தென்னிந்தியத் தாக்கங்கள் பற்றி நூல் எழுதினார். அடிமை நாட்டுக்கும் புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்கும் அந்த ஆராய்ச்சி தேவைப்பட்டது. அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் 'தாக்கம்' என்னும் சொல்லில் கொடுத்தவர் நிற்பார், வாங்கியவர் உட்கார்ந்திருப்பார். குவாரிட்ச் வேல்ஸ் 1950களிலேயே உள்ளூர் மேதைமை பற்றிப் பேசினார், ஓ. டபிள்யூ. வோல்டர்ஸ் 1982இல் வந்ததை உள்ளூர்ப்படுத்திக்கொள்ளும் திறமை பற்றி எழுதினார். பயற்றம்பூவும் பல்லித்தலையும் சிந்திய அரிசியும் அவர்கள் சொன்னதற்கு இரும்பில் அடித்த சான்றுகள்.

நம் ஆயுதங்கள் என்ன ஆயின? 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையைக் கலைத்தபோது பெரும்பகுதி உடைந்து பழைய இரும்பாகப் போனது; ஒரு பங்கு சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. ராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட நூலில் அந்தக் கதை விரிவாக இருக்கிறது. அந்தக் கட்டாரிகளின் பிடியிலும் யாளி உண்டு, கிளி உண்டு. ஆனால் அவற்றைச் செய்த கொல்லர் அந்தந்த வளைவுக்கு என்ன பெயர் சொன்னார் என்று கேட்டால், ஜாவாக்காரர் தருவதைப் போல ஒரு பட்டியலை நம்மில் எத்தனை பேரால் தர முடியும்? கடல் கடந்து போனதன் பெயரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அவர்களிடம் உரிமை கேட்டுப் போவதைவிட, பெயரை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று கேட்டுப் போவது நமக்கு லாபம்.

இது வெளியூரில் இருக்கும் நம் வீடுகளுக்கும் பொருந்தும். நம் பூசை அறைக் குத்துவிளக்கில் மேலே இருக்கும் அன்னத்தை மட்டும் படம் பிடித்தால் அது ஏதோ ஒரு பறவை. அன்னம், தண்டு, அகல், பாதம் என்று சொல்லி, எந்த முகத்தில் எப்போது திரி போடுவது என்றும் சொல்லிக் கொடுத்தால்தான் அது குத்துவிளக்கு. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் நாளைக்கு அதற்கு இன்னொரு பெயரும் வைப்பார்கள், பக்கத்து வீட்டு மொழியிலிருந்து. வைக்கட்டும். ஜாவாக்காரர் துதிக்கையைப் பயற்றம்பூ என்று சொன்னபோது யானை ஓடிப்போய்விடவில்லை, உதடாக அங்கேயே இருக்கிறது. பழைய பெயரையும் நாம் சொல்லிவைத்தால் போதும்.